அடுப்பு இல்லாத வீட்டுப் பலகாரம்

ஒரே அடுப்புல பொங்கித் திங்கிறவுக எத்தன பேருன்னு கேட்டா நான் என்னத்தச் சொல்ல, டீச்சர்? எங்க வீட்டுல அடுப்பே கெடையாதே. சிரிக்காதீக, நெசமாத்தான். வேணும்னா இந்தக் கம்பிக்குள்ள எட்டிப் பாருங்க. அந்தா அந்த மூலையில ரெண்டு செங்கல் கெடக்குல்ல, அதுதான் அடுப்பு இருந்த எடம். இப்ப அங்கன எள்ளுச் சட்டி உக்காந்திருக்கு. ஜனக்கணக்குத் தாள்ல இதுக்கு எடம் இருக்கா? இல்லைல்ல? அப்பப் பேசாம ரெண்டு பேருன்னு போட்டுக்கிருங்க. அவுக ஒண்ணு, நான் ஒண்ணு.

ஐயோ, கதவத் தள்ளாதீக, தொறக்காது. பூட்டியிருக்கு. அவுக வேலைக்குப் போற அவசரத்துல மறந்தாப்புல பூட்டிட்டுப் போயிட்டாக. கைப்பழக்கம் பாருங்க. பூட்டுப் பட்டறையில வேலை பாக்குறவுகளுக்கு நாளு பூராம் பூட்டுறதும் தொறக்குறதும்தான வேலை. சன்னல் வழியாவே கேளுங்க, எனக்கு ஒண்ணும் இல்ல. நீங்கதான் வெயில்ல நிக்கிறீக. செத்த இந்தப் பக்கமா ஒதுங்கிக்கிருங்க, ஓட்டு நெழலு விழும்.

கதவுல கருப்பா இருக்கே, அதுவா? அது வெளக்கு சாஞ்சு மண்ணெண்ண சிந்திப் பத்திக்கிருச்சு. சின்னத் தீதான். அவுகதான் பயந்துக்கிட்டு, இனிமே நெருப்பே வேணாம்டின்னு அடுப்ப இடிச்சுப்புட்டாக. தீப்பெட்டிகூட அவுக மடியிலதான் இருக்கும். என் மேல அம்புட்டு அக்கறை.

என்ன சுந்தரம்மக்கா, இங்கயே பாக்குறீக? ஜனக்கணக்கு எடுக்க வந்த டீச்சரக்கா! சர்க்கார் ஆளு! ஒங்க வீட்டுக்கும் வருவாக, இருங்க!

எதிர்வீட்டு அக்கா. காலையில இருந்து வாசல்ல உக்காந்து அரிசி பொடைக்கிறாக. நானும் பாத்துக்கிட்டே இருக்கேன், அதே ஒரு படி அரிசிதான். ஒங்ககூடப் பேசுறதுக்கு ஒண்ணும் சொல்ல மாட்டாக. சர்க்கார் வேலையா வந்தவுக கேட்டா பதில் சொல்லித்தான ஆகணும்?

எம் பேரு முத்துப்பேச்சி. வயசு இருபத்தொண்ணுன்னு போடுங்க. சொதந்திரம் வந்த வருசம் எனக்கு ஏழு நடந்துச்சுன்னு ஆத்தா சொல்லும். பொறந்தது செம்பட்டிக்குப் பக்கத்துல. அவுக பேரா? அத எப்பிடி டீச்சர் நான் எம் வாயால சொல்றது. நீங்க வேதக்காரவுக, ஒங்கள்ல சொல்லுவாக போல. எங்கள்ல புருசன் பேரச் சொல்லப்படாது. இந்த ஊரு நடுவுல கோட்டை இருக்கே, அது எது மேல இருக்கு? ஆங். அதோட சாமியச் சேத்துக்கிருங்க. கண்டுபிடிச்சிட்டீகளா? எழுதுங்க எழுதுங்க.

எழுதப் படிக்கத் தெரியாது. தெரிஞ்சிருந்தா நான் இம்புட்டுப் பலகாரம் செஞ்சிருக்க வேணாம். ஒண்ணுமில்ல, சும்மா சொன்னேன்.

அடுப்பு இல்லாம எப்பிடிப் பலகாரமா? நல்லாக் கேட்டீக. எல்லாரும் இதத்தான் கேப்பாக. காலையில கிளப்புக்கடை இட்லி நாலு வாங்கி வச்சிட்டுப் போவாக. பொழுதடையத் தூக்குச்சட்டியில சோறும் வெஞ்சனமும் வரும். மத்தியானம்? மத்தியானம் வயிறு கேக்குமே. பசிக்குதுன்னேன். நெருப்பு இல்லாமத் திங்கிறதா என்ன வேணுமோ கேளு, வாங்கித் தாரேன்னாக. ஒரலும் ஒலக்கையும் இருக்கு, கையி இருக்கு, நேரந்தான் மலையாக் கெடக்கு. சரின்னு ஆரம்பிச்சதுதான்.

மொதல்ல அவல் வாங்கியாரச் சொன்னேன். செவப்பு அவல இடிச்சு, தேங்காப்பூவும் வெல்லமும் போட்டுப் பெசஞ்சு உருட்டுனேன். வாய்க்கு நல்லா இருந்துச்சு. ஆனா செத்த நேரம் வச்சா உதிர்ந்துபோகும். தேங்கா வேற மறுநாளே காறிப்போகும். அடுத்து நெலக்கடலை. பச்சக் கடலைய வெயில்ல காயப் போட்டு இடிச்சேன். நறநறன்னு திப்பி திப்பியா நின்னுச்சு, எம்புட்டு இடிச்சாலும் மழமழன்னு வரல. தெனைமாவுல தேன் ஊத்திப் பெசஞ்சு பாத்தேன். சாமிக்குப் படைக்கிற மாவு மாதிரி வாசமா இருக்கு, ஆனா நாளைக்கும் அப்பிடியே கொழகொழன்னு இருக்கு. ஒரு வெரல வச்சு அமுக்குனா பள்ளம் விழும், கண்ணு முன்னாடியே மூடிக்கிரும். அது ஆகாது.

திங்கிறதுக்கு ஆகும் டீச்சர். நான் என்ன சொல்ல வந்தேன்னா, பலகாரம்னா புடிச்ச புடியில நிக்கணும்ல, அதச் சொன்னேன்.

நெய்யா? நெய்யும் சேக்குறதில்ல, பாலும் சேக்குறதில்ல. பாலு காச்ச நெருப்புக்கு எங்க போக. நெய்யின்னா இந்த மாசி வெயிலுக்கே இளகி ஓடும். எதுக்கு அது? எள்ளுலயே எண்ணெ இருக்கு. எள்ளக் கழுவி, தோலு போகத் தேச்சு, சொளகுல பரப்பிக் காய வைக்கணும். எங்க வீட்டு முத்தத்துல வெயில் விழுறதே ஒரு சொளகு அகலந்தான். மேல கம்பி அடிச்சிருக்காகளே, அந்தச் சந்து வழியா வந்தாப் போதாதா? வெயில் நகர நகர நானும் சொளக நகத்திக்கிட்டே போவேன். கெழக்குச் சொவத்துல ஏறிருச்சுன்னா அன்னைக்கு அம்புட்டுத்தான். ஒருபடி எள்ளு மொறுமொறுன்னு காய மூணு நாளாகும்.

அப்பறம் அத எண்ணெ கசியுற மட்டும் இடிக்கணும். கருப்பட்டியத் தட்டிப் போட்டு மறுபடி இடிக்கணும். பொரிகடலைய மாவா அரைச்சு, துணியில சலிச்சு, கொஞ்சங் கொஞ்சமாத் தூவிப் பெசையணும். அந்தப் பக்குவத்துலதான் விசயமே இருக்கு. கையில ஒட்டக் கூடாது, வெடிப்பு விடக் கூடாது. வெரல் ரேகை அப்பிடியே பதியணும். பதிஞ்சது நெழல்ல ரெண்டு நாள் காஞ்சா கல்லு மாதிரி நின்னுரும். எத்தனையோ தடவ போட்டுத்தான் அந்த அளவு பிடிபட்டுச்சு. எறும்புக்குத்தான் பயம். தாம்பாளத்துல தண்ணி ஊத்தி நடுவுல வச்சிருவேன்.

ஒடம்புக்கும் நல்லது டீச்சர். எள்ளும் கருப்பட்டியும் பொம்பளப் பிள்ளைகளுக்கு எலும்ப இறுக்கிவிடும். எங்க வீட்டுக்காரவுகளுக்கு அதுன்னா உசுரு. டப்பாவுல போட்டுப் பட்டறைக்குக் கொண்டு போவாக. அங்க எல்லாரும், ஒம் பொண்டாட்டி கை யாருக்கு வரும்னு சொல்லுவாகளாம். வந்து பெருமையாச் சொல்லுவாக. வீட்டுக்குள்ளயே இருக்குற பொம்பளைக்குத்தான் இப்பிடிக் கையி அமையும்பாக.

இந்தாங்க, ஒண்ணு எடுத்துக்கிருங்க. ஏன், வேணாமா? என்னது, ஒருசந்தியா? ஓ, நெத்தியில சாம்பல் பூசிட்டு வந்தாகளே தெருவுல எல்லாரும், அந்த நோம்பா? அந்தி வரைக்கும் வாயில ஒண்ணும் வைக்க மாட்டீகளோ? ரெம்ப நல்லது. இல்ல, நல்ல பழக்கம்னு சொன்னேன். மனச அடக்குறது லேசா?

அப்பச் சாப்பிட வேணாம், கொண்டு போங்க. சனிக்கிழமை ஊருக்குப் போவீகல்ல? எந்த ஊரு?

செம்பட்டியா?

இல்ல டீச்சர், ஒண்ணுமில்ல. கண்ணுல எள்ளுத் தூசி. எங்க அக்கா அங்கதான் இருக்கா, அதான். ஒச்சாயின்னு பேரு. பஸ்ஸு நிக்கிற முக்குல பூக் கட்டி விப்பா. ஒங்களுக்குத் தெரியுமா? அவகிட்டத்தான் பூ வாங்குவீகளா! எடது கண்ணு செத்த மேலாக்கப் பாக்கும். அவளேதான். அவ எப்பிடி இருக்கா? எளச்சிட்டாளா?

போன மாசங்கூட அவளுக்கு ஒரு வில்லை குடுத்து விட்டேன். கீரைக்கார ஆயா செம்பட்டிப் பக்கம்தான் போகும், இத எங்க அக்காகிட்ட மட்டும் குடு ஆயா, வேற யாருக்கும் குடுக்காதன்னு அம்புட்டுச் சொல்லி அனுப்பிச்சேன். மறுநாள் வந்து நிக்கிது. தாயி, பேரன் அழுதான்னு குடுத்துட்டேன், நல்லாத் தின்னான், கருப்பட்டி தூக்கலா இருந்துச்சு, இன்னொண்ணு இருந்தாக் குடுங்குது. நான் அன்னைக்குப் பூராம் அழுதேன் டீச்சர். ஒரு எள்ளு வில்லைக்கு அழுவாகளான்னு பாக்குறீகளா? அழுதேன். அத அந்த ஆயாகிட்டச் சொல்லவும் முடியல. இந்தா, இதே மாதிரி அரிசி பொடைச்சுக்கிட்டு எதிர வாசல்ல ஆளு.

அந்தா, எந்திரிச்சிட்டாக. ஒலை பொங்கிருச்சு. போங்கக்கா போங்க, வடிச்சுட்டு வாங்க, டீச்சர் எங்கயும் போக மாட்டாக!

டீச்சர். தலைய நிமித்தாதீக. எழுதுற மாதிரியே எழுதிக்கிட்டிருங்க. கஞ்சி வடிக்கிற நேரந்தான் இருக்கு, அதுக்குள்ள சொல்லிப்புடுறேன்.

மறந்து பூட்டல. தெனமும் பூட்டுறதுதான். ரெண்டு வருசமாச்சு. கல்யாணம் ஆன மூணாம் மாசம் வளையக்காரர்கிட்டச் சிரிச்சுப் பேசிட்டேனாம். அன்னைக்குப் போட்ட பூட்டு. கதவுல வெளக்குச் சாயல, நாந்தான் கொள்ளிய வச்சு நாதாங்கியச் சுத்தி எரிச்சுப் பாத்தேன். மரம் கனம், கருகுச்சே ஒழிய வேகல. புகையப் பாத்து எதிர்வீடு போயிச் சொல்லிருச்சு. அடுப்ப இடிச்சது அதுக்குத்தான். என்னைய என்ன செஞ்சான்னு கேக்காதீக. வெளியில தெரியுற எடத்துல அடிக்க மாட்டான்.

அக்கா ஒருக்கா ஊருப் பெரியவுக நாலு பேரக் கூட்டிட்டு வந்தா. அவுகளுக்குக் காப்பித்தண்ணி வாங்கிக் குடுத்து, எம் பொண்டாட்டிக்குப் புத்தி சரியில்ல, தீ வச்சுக்கிருவான்னு கதவக் காமிச்சான். அவன் வீட்டுக்கு அவன் பூட்டுப் போடுறான், நமக்கென்னன்னு எந்திரிச்சுப் போயிட்டாக. ஒடைக்கலாம்னா அது அவனே செஞ்ச பூட்டு. அரை நாளு சம்மட்டி போடணும், தெருவே கூடிரும். வேற சாவி விட்டா உள்ள கவ்விப் புடிச்சுக்கிரும், விடாது. அப்பறம் அவன் வந்து பாத்தா நான் என்னாவேன்? விட்டா ஒரே தடவதான், அதுவும் அச்சு அசலா அதே சாவியா இருக்கணும்.

அந்தச் சாவி அவன் அரைஞாண் கயித்துலதான் தொங்கும். தூங்குறப்பவும் அவுக்க மாட்டான். சனிக்கிழமை எண்ணெ தேச்சுக் குளிக்கிறப்ப மட்டும் அவுத்து, பக்கத்துச் சொவத்து ஆணியில மாட்டுவான். சீயக்காத் தண்ணி பட்டாச் சாவி கெட்டுப்போகுமாம். முதுகு தேச்சு விடுறது நாந்தான். மொதத் தடவ குளிக்கிற சோப்புல அமுக்கி எடுத்தேன். பல்லுச் சந்துல வெள்ளையா ஒரு துளி ஒட்டிக்கிருச்சு. பூட்டுக்காரன் கண்ணுக்குத் தப்புமா? அன்னைல இருந்து வீட்டுல சோப்பும் கெடையாது.

எண்ணெ தெரியாதுல்ல, டீச்சர். எண்ணெ தேச்சுக் குளிக்கிறவன் சாவியில எண்ணெ இருந்தா யாரு சந்தேகப்படுவா? அதுக்குத்தான் எள்ளு. அதுக்குத்தான் பாலு இல்ல, நெய்யி இல்ல, அத்தன நாள் இடியும் சலிப்பும். தலையில சீயக்காயத் தேச்சு விட்டேன்னா கண்ண இறுக்கி மூடிக்கிருவான். எடது கையில ரெண்டு வில்லை, வலது கையில சொம்பு. ஒரு சொம்புத் தண்ணி ஊத்தி முடியறதுக்குள்ள அமுக்கி எடுத்து, முந்தியில தொடச்சு, ஆணியில மாட்டிட்டேன். போன சனிக்கிழமை எடுத்ததுதான் இது. காஞ்சு நல்லாக் கல்லாயிருச்சு.

இந்த இலைப் பொட்டலத்துல நாலு உருண்டை இருக்கு, அது ஒங்க வீட்டுப் பிள்ளைகளுக்கு. அடியில வாழைச்சருகுல ரெண்டு வில்லை தனியாக் கட்டியிருக்கேன் பாருங்க, அதத் தின்னுப்புடாதீக. யாருக்கும் குடுத்துப்புடாதீக. ஒண்ணுல பல்லு இருக்கு, ஒண்ணுல மொனை இருக்கு. அக்காகிட்டக் குடுத்து, இதுல சாவி அச்சு இருக்குன்னு வாயத் தொறந்து சொல்லிப்புடுங்க. நான் ஆயாகிட்டச் சொல்லாம விட்ட மாதிரி நீங்க விட்டுறாதீக. அவளுக்குப் பக்கத்துல கிதர் முகம்மதுன்னு ஒரு பாய் கொடை ரிப்பேரும் பூட்டு ரிப்பேரும் பாக்குறாரு. ஒரு பொழுதுல அரத்துல ராவிச் சாவியாக் குடுத்துருவாரு. இந்த ஊருப் பட்டறைக்காரன் எவன்கிட்டயும் போகக் கூடாது, எல்லாம் அவன் கூட்டாளிக. செவ்வாக்கிழமை பத்து மணிக்கு எதிர்வீட்டு அக்கா காளியம்மன் கோயிலுக்குப் போகும். அப்ப ஒச்சாயி வரணும். தொறந்து, நான் வெளிய வந்து, மறுபடி பூட்டிட்டுத்தான் போவேன். பூட்டு இருந்தபடியே இருக்கும். அந்தி வந்து தொறந்து பாக்கட்டும்.

எழுதாம நிறுத்திட்டீகளே டீச்சர். எனக்குத் தெரியுது, நீங்க கணக்கு எழுத வந்தவுக, ஒங்களுக்கு எதுக்கு இந்த வம்பு. ஒங்களையும் நாளைக்கு யாராச்சும் கேப்பாக. வேணாம்னா இப்பவே சொல்லிருங்க, திருப்பி வாங்கிக்கிறேன். குத்தமாச் சொல்ல மாட்டேன். இன்னொரு ஆளு வர்ற மட்டும் இடிச்சுக்கிட்டே இருப்பேன். ஆனா எனக்குப் பயமா இருக்கு டீச்சர். முன்னயெல்லாம் கதவத் தொறந்தா ஓடணும்னு கால் பரபரங்கும். இப்பக் கொஞ்ச நாளா அவன் தொறந்து வச்சிட்டுப் பாத்துக்கிட்டு நின்னாக்கூட நான் போயி மூலையில உக்காந்துக்கிறேன். அது பழகிருமோன்னுதான் பயமா இருக்கு.

பைக்குள்ள வைக்கிறீகளா? அடியில. கணக்குத் தாள் கட்டுக்குக் கீழ வைங்க, நசுங்காது. அந்தப் பக்கம், ஆமா. ஒங்க மாதா ஒங்களக் கண் கலங்காம வைக்கட்டும். அழுகாதீக, அழுகாதீக, அந்தாச் செருப்புச் சத்தம்.

கருப்பட்டியா? கருப்பட்டி ஒருபடி எள்ளுக்கு முக்காப் படி டீச்சர்! அதுக்கு மேல போட்டா இனிச்சுக் கிடக்கும்! ஏலம் வேணும்னாத் தட்டிப் போட்டுக்கிருங்க! வந்துட்டீகளாக்கா? வடிச்சாச்சா? டீச்சருக்குப் பலகாரத்துப் பக்குவம் சொல்லிக்கிட்டிருந்தேன். நெருப்பே இல்லாமச் செய்யுறதான்னு அசந்து போயிட்டாக. பாவம், வெயில்ல நின்னு அவுகளுக்குக் கண்ணு கலங்கிப்போச்சு. ஒங்க வீட்டுலதான் அடுத்து, மோரு இருந்தாக் கலக்கி வைங்க. ஆங், மறந்துட்டேன், அவுக ஒருசந்தி, ஒண்ணும் குடிக்க மாட்டாக.

வேற என்ன கேக்கணும் டீச்சர்? தொழிலா? வீட்டுக்காரவுகளுக்குப் பூட்டு வேலை. எனக்கா? ஒண்ணும் இல்லைன்னே போடுங்க. அவுக பேரு சரியா விழுந்துருச்சான்னு ஒருக்காப் பாத்துக்கிருங்க. மலைச்சாமி.

என்னக்கா மொறைக்கிறீக? சர்க்கார் தாள்ல தப்பா விழுந்துறக் கூடாதுல்ல, அதான் வாயத் தொறந்து சொல்லிப்புட்டேன்.

மாசம் பொறந்து மறுபடி ஒரு நடை வருவீகன்னு சொன்னீகளே, எதுக்கு? இதுக்கு நடுவுல பொறந்தவுக, செத்தவுக, எடம் மாறிப் போனவுகள அடிச்சுத் திருத்தவா? ஒரு ஆளு கொறஞ்சாக்கூட அடிக்கணுமா? நல்ல மையில எழுதிட்டா அடிக்கிறப்பத் தாளு அசிங்கமாப் போயிராது?

அவுக பேரு மையிலயே இருக்கட்டும் டீச்சர். என் பேர மட்டும் பென்சில்ல எழுதிக்கிருங்க.